இடப்பக்கம் தேய்ந்த நிப்பு

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி
ஹபீப் பாயின் பழைய சாமான் கிடங்கில்
பேனாவையும் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள்.
பூட்டு, கீல், குழாய் முனையோடு சேர்த்து
பித்தளைக் கணக்கில்.
"இது பித்தளை இல்ல பாய், எபனைட்டு" என்றேன்.
"அப்ப சும்மா எடுத்துனு போ" என்றார்.
சும்மா எடுத்தால் ராசியில்லை.
இருபது ரூபாய் வைத்தேன்.

கட்டைவிரலால் சூடு பறக்கத் தேய்த்து
முகர்ந்து பார்த்தேன். கந்தகம்.
அசல் எபனைட்டின் வாசனை.
ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை,
அன்று காற்று மணலிப் பக்கமிருந்து வந்தது.

துறைமுகத்தில் பெட்டி எண்ணுகிறவன் நான்.
கன்டெய்னர் நம்பரைக் கண்ணாடிப் பலகையில்
விரலால் தட்டுவேன்.
சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டே ஆறு வருஷம்.
என்னிடம் இதோடு நாற்பத்து மூன்று பேனா.
லூர்து யாரிடமும் இதைச் சொல்வதில்லை.
வீட்டுக்காரருக்குக் கெட்ட பழக்கம் உண்டா என்று கேட்டால்
கொஞ்சம் யோசித்துவிட்டு
இல்லை என்கிறாள்.

ராத்திரி, டம்ளர் தண்ணீரில்
கழுத்தளவு இறக்கி வைத்தேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு நூல் இறங்கியது, நீலம்.
எண்ணூர்ப் பக்கம் போன கூட்ஸ் வண்டிக்கு டம்ளர் நடுங்க
நீலத்துக்குள்ளிருந்து கறுப்பு.
விடியும்போது, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து
கொஞ்சம் சிவப்பு.
யாரையோ, எதற்கோ, தப்பு என்று
அடித்திருக்கிறது இந்தப் பேனா.

நாக்கைக் கழற்றி அதன் கோட்டில்
காசிமேட்டில் வாங்கிய மெல்லிசான தூண்டில் நரம்பை
விட்டு இழுத்தேன்.
மரையில் மெழுகு. மூடியின் வெடிப்புக்கு ஒரு சொட்டுப் பசை.
ஊசி கழற்றிய இன்சுலின் சிரிஞ்சால் மை.
சிரிஞ்சு லூர்துவுடையது. கணக்கில் வைத்திருக்கிறாள்.

லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது
நிப்பின் இரண்டு கால்களில் ஒன்று குட்டை.
உடைந்ததில்லை. தேய்ந்தது.
இடப்பக்கம் சரிந்து, ஒரே சாய்வில்
எத்தனை ஆயிரம் பக்கம் இழுத்ததோ.
மூடியில் பெயர் பாதி: டபிள்யூ. எஃப். ரோ
அப்புறம் வழவழப்பு.
ரோசாரியோவா, ரோட்ரிக்ஸா.
ராயபுரத்தில் இரண்டு பேரும் இருந்திருப்பார்கள்,
பக்கத்துப் பக்கத்து வீட்டில்கூட.

நேராக்குவது பத்து நிமிஷ வேலை.
வாட்டர் பேப்பரில் எட்டுப் போட்டு எட்டுப் போட்டு,
லைசென்ஸுக்குப் போடுகிற அதே எட்டு,
நெட்டைக் காலைக் குட்டைக்கு இறக்கிவிட்டால்
பேனா யாருடையதும் இல்லை.
பேப்பரை நனைத்தேன்.
காயவிட்டேன்.
மறுபடி நனைத்தேன்.

பிறகு நோட்டை இடப்பக்கம் திருப்பி
மணிக்கட்டை வெளியே மடக்கி
பஸ்ஸில் ஜன்னலோரக்காரரின் தோளுக்கு
இடம் விடுகிற மாதிரி உட்கார்ந்து பார்த்தேன்.
வழுக்கிக்கொண்டு போனது.

எழுதத்தான் ஒன்றுமில்லை.
பேனா சோதிக்கிற எல்லோரும் முதலில்
தன் பெயரைத்தான் எழுதுவார்கள்.
பிலவேந்திரன், பிலவேந்திரன் என்று
நாற்பத்திரண்டு பேனாவில் எழுதி அலுத்த பெயர்.
"சாமான் லிஸ்டு எழுது" என்றாள் லூர்து.

துவரம்பருப்பு அரை. சீரகம் ஐம்பது.
ஆங்கிலச் சாய்வில் தமிழ் படுத்துக்கொண்டே போனது.
புழுங்கல் அரிசியில் ழு வந்ததும்
நின்றது.
அந்தச் சுழிக்கு
ரோவின் கை திரும்பியதே இல்லை போல.
தாளில் ஒரு நாரைப் பிடுங்கி
கால் இடுக்கில் வைத்துக்கொண்டு
மை கொட்டி
அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

கடைக்காரர் சீட்டைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து
"இது மருந்துக் கடைக்குப் போவ வேண்டியதும்மா" என்றாராம்.
எல்லாம் சரியாக வந்தது.
அரிசி மட்டும் பச்சரிசி.

பொங்கலாவது வைக்கலாம் என்கிறாள் லூர்து.
மேஜைமேல் வாட்டர் பேப்பர்
இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.