பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிற பெட்டி

டோர்ஸ்ஹாவ்ன். ராத்திரி ஒன்றேகால்.
மூன்றாம் வட்டு போய்விட்டது என்றது திரை.
ஒன்று, இரண்டு, மூன்று
என்று எண்ணி உருவிவிட்டான் பெய்னிர்.

பெட்டி பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும்.

உயிருள்ளது அவன் கையில்
இன்னும் சுழன்றுகொண்டிருந்தது;
சாய்த்தால் திமிறியது.

ஐந்தில் ஒன்று செத்தால்
நாலு பேர் தூக்குவார்கள் என்பதுதான் ஏற்பாடு.
மூன்று பேர் தூக்கும் பாடை
எந்த ரெய்டிலும் ஐந்தாம் எண்ணில் இல்லை.

உள்ளே
பதினோரு கோடையின் கடற்பறவைக் குரல்கள்.
மழையில், புல்சரிவில் குப்புறப் படுத்து
வளைக்குள் மைக் நீட்டி மார்யுன் பதிந்தவை.
"தனியே நகல் வேண்டாமா?" என்று
அவள் ஒருமுறை கேட்டாள்.
"ஐந்து வட்டு இருக்கிறதே" என்றான்.
அந்த வாய் இப்போது காய்ந்திருக்கிறது.

உருவியதைத் திரும்பச் செருகி
வற்புறுத்திச் சேர்த்தான்.
சேர்ந்தது. ஏனென்று கேட்கவில்லை.

இப்போதுதான் வரிசை எண்களைப் பார்க்கிறான்:
நாற்பத்தொன்று முதல் நாற்பத்தைந்து வரை.
ஒரே பெட்டியில், ஒரே நாளில், தள்ளுபடியில் வாங்கியவை.
ஒரே ஈற்றுக் குட்டிகள்.
செத்தது நாற்பத்துநாலு.

புது வட்டின் உறையை இன்னும் பிரிக்கவில்லை.
முதலில் நகல்; பிறகுதான் மறுகட்டு.
நூற்றுக்கு ஆறு. ஏழு.

ஏதாவது ஒன்றைக் கேட்டுப்பார்க்கலாமென்று
ஹெட்போனை மாட்டினான்.
வளைக்குள்ளிருந்து பறவை
குர்ரென்று நீளமாக இழுத்து
நடுவில் ஒரு விக்கல் விக்கியது.

ஹெட்போனைக் கழற்றி
நாற்பத்தைந்தின் மேல் காதை வைத்தான்,
விக்கியது எது என்று.