ஆவன செய்யப்படும்

குலசேகரம் தாண்டி
ரப்பர்த் தோட்டத்துக்குள் நுழைகிற ரோட்டில் எங்கள் பள்ளிக்கூடம்.
வாசலுக்கு முன்னால் ஓடை.
ஓடைமேல் ஒரு கான்கிரீட் பலகை இருந்தது,
ஆனி மழைக்கு முன்பு பாதி இருந்தது,
இப்போது கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் வகுப்பு. சமூக அறிவியல். உள்ளாட்சி.
புத்தகப் படத்தில் ஒரு தலைவர் நாற்காலியில் சிரிக்கிறார்,
குழாயில் தண்ணீர் கொட்டுகிறது,
தெருவிளக்கு பகலிலும் எரிகிறது.
மூடி வைத்துவிட்டுக் கேட்டேன்:
நம்ம வாசல்ல கெடக்க ரோடு ஆருக்க?

"லாரிக்காரனுக்க டீச்சர்" என்றான் அஜின்.
"எங்க அப்பாக்க." பெனிஷாவின் அப்பா
அங்கேதான் பைக்கை நிறுத்துகிறார்.
"மழைக்க." இது ஸ்ரீஜு.
கடைசி பெஞ்சிலிருந்து ஷாஹினா, மெதுவாக:
"ஆருக்கும் இல்ல.
அதான் உடைஞ்சு கெடக்கு."

ஆசிரியப் பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை.
எல்லோரையும் வாசலுக்குக் கூட்டிப்போனேன்.
முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல், பதினொரு தடவை.
ஆன்சியின் செருப்பு வெள்ளத்தோடு போன விவரமும்
குறிப்பில் ஏறியது:
இடது கால், சிவப்பு வார்.

மனு எழுத உட்கார்ந்தோம்.
பெறுநர் என்றதும் அஜின் கேட்டான்,
"பெறலேன்னா?"
பேரூராட்சி அலுவலர் ஐயாவா, அம்மாவா?
எனக்கும் தெரியாது.
கை தூக்கச் சொன்னதில் அம்மாவுக்குப் பதினான்கு,
ஐயாவுக்கு ஒன்பது.
தோற்ற ஒன்பது பேரும் கையெழுத்துப் போட மறுத்தார்கள்.
அரை மணி நேரம் போச்சு.
கடைசியில் ஐயா, அம்மா, நடுவில் ஒரு சாய்வுக்கோடு.
அந்தக் கோட்டை யார் போடுவதென்று
இன்னொரு சண்டை.

இருபத்து மூன்று கையெழுத்து.
மழை பட்டால் அழியாதிருக்க
ஸ்ரீஜு தன் பெயர்மேல் மட்டும்
செல்லோடேப் ஒட்டினான்.

நாற்பத்தோராம் நாள் பதில் வந்தது.
நான்தான் எதிர்பார்க்கவில்லை,
அவர்கள் தினமும் தபால்காரரை எட்டிப் பார்த்தார்கள்.
நீல முத்திரை, கோணலாக.
தங்கள் மனு பெறப்பட்டது. ஆவன செய்யப்படும்.

"ஆவனன்னா என்ன டீச்சர்?"
ஆக வேண்டியது.
"ஆரு செய்வா?"
செய்யப்படும்.
"அதான், ஆரு?"
செயப்பாட்டுவினை என்று எழுதச் சாக்பீஸை எடுத்தேன்.
மூன்றாம் வகுப்புக்கு அந்தப் பாடம் இல்லை.

மறுநாள், வீட்டுப்பாடம் எங்கே பெனிஷா?
"ஆவன செய்யப்படும் டீச்சர்."
அஜின், தட்டைக் கழுவினியா?
ஆவன செய்யப்படும்.
பெஞ்சுகள் உருண்டு சிரித்தன.
முறைத்துப் பார்த்தேன், முறைப்பு சரியாக அமையவில்லை.
சாயங்காலம் தலைமையாசிரியர்
மாத அறிக்கை என்னாச்சு என்றபோது
எனக்கும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை
யாரோ வந்து கலவை குழைத்து
பலகை வார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.
மனுவுக்காகவா,
அடுத்த வாரம் குருசடித் திருநாளுக்கு
சப்பரம் இந்த வழியாக வரும் என்பதற்காகவா?
கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.
ஈரம் இறுகுமுன்பு குச்சியால் எழுதியிருந்தது:
மூனாம் கிளாஸ்.
பக்கத்தில் செருப்பில்லாத இடது காலின் தடம், ஒன்றே ஒன்று.

அடுத்த பாடம், பொதுச் சொத்தைப் பாதுகாப்போம்.
சுவரில் கிறுக்குகிற பையன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி.
அந்தப் பக்கத்தைத் திறந்து பிடித்தபடி நின்றேன்.
வாசல்ல இருக்கது ஆருக்க எழுத்து?

இருபத்திரண்டு கை உயர்ந்தது.
ஷாஹினாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல்.

மறுநாள் காலை, கணக்கு வேளை,
ஏழோடு எட்டைக் கூட்டிக்கொண்டிருக்கிறோம்.
கடைசி பெஞ்சில் ஒரு கை.
என்ன ஷாஹினா?

"நேத்து நான் வரல்ல டீச்சர்."
கையை இறக்கவில்லை.