பதினாறு

துலூத்தில் ஜனவரி.
ஏரி இறுகி, கப்பல்கள் படுத்துவிட்ட மாதம்.
ஈரக் கையுறையோடு ரெய்னோ எழுதிய சீட்டில்
பதினாறு கேஜ், நாலடிக்கு எட்டடி, இருபது தகடு
என்பது மட்டும் மிஞ்சியிருந்தது.
எந்த உலோகம் என்று எழுதிய இடத்தில்
ஒரு நீலக் கறை.

நான்தான் தொலைபேசியில் வாசித்தேன்.
பதினாறு என்றேன்.
பதினாறா என்றான்.
பதினாறு.
இரண்டு பேரும் திருப்தியாக வைத்துவிட்டோம்.

லாரி வந்தது.
முதல் தகட்டை ஒருத்தியாகவே இறக்கினேன்.
அங்கேயே விழித்திருக்க வேண்டும்.
எஃகாக இருந்தால் முப்பத்தாறு கிலோ,
இடுப்பு சொல்லியிருக்கும்.
இது பத்துக் கிலோ சொச்சம்,
ஏரிக்காற்றில் படபடத்து என்னையும் இழுத்தது.
இன்றைக்கு உடம்பு நன்றாக இருக்கிறது
என்று நினைத்துக்கொண்டேன்.

மைக்ரோமீட்டரின் தாடைக்குள் கொடுத்துத் திருகினேன்.
ஒன்று புள்ளி இரண்டு ஒன்பது மில்லிமீட்டர்.
அலுமினியத்தின் பதினாறு.
எஃகின் பதினாறு ஒன்று புள்ளி ஐந்து இரண்டு;
துத்தநாகம் குளித்து வந்த எஃகு
ஒரு மயிரிழை கூடுதல்;
ஸ்டெயின்லெஸ் அந்த மயிரிழைக்குள் எங்கோ.
கூப்பிட்டால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற பெயர்.

செம்பிலும் பதினாறு உண்டு.
அது கேஜே இல்லை,
சதுர அடிக்கு அத்தனை அவுன்ஸ்.
அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் தோல்.
எண் ஏற ஏறத் தகடு இளைக்கும்
என்று மனப்பாடம் செய்துவைத்தால்
சுத்தத் துத்தநாகத் தகடு
எதிர்த்திசையில் நடந்து வருகிறது,
எண் ஏற ஏறப் பருத்துக்கொண்டு.

கனம் என்று சொல்கிறோம்.
எடையா, தடிமனா?
கேட்பவர் கேட்பதில்லை, சொல்பவர் சொல்வதில்லை.
எஃகுக்காரர்கள் எடையில் தொடங்கினார்கள்.
அலுமினியக்காரர்கள்
கம்பி அளந்தவர்களின் பட்டியலைக் கடன் வாங்கினார்கள்.
இருவரும் ஒரே கடையில் எண் வாங்கியதுதான் பிசகு.

வளைத்துவிடலாம், யார் அளக்கப்போகிறார்கள்
என்றான் ரெய்னோ.
கோதுமை அளக்கும் என்றேன்.
துறைமுகத்துத் தானியக் கிடங்கின் தூசிக்குழாய் அது.
கோதுமை மென்மை என்பவர்கள்
ரொட்டியை மட்டும் பார்த்தவர்கள்.
குழாயின் முழங்கையில்
ஒவ்வொரு மணியும் ஒரு மணல்.
ஓர் அறுவடைக்குள் வெளிச்சம் தெரியும்.

திருப்பி எடுக்க மாட்டோம் என்றது கம்பெனி.
நீங்கள் கேட்டது பதினாறு,
நாங்கள் அனுப்பியது பதினாறு.
எதிர்த்துப் பேச
என்னிடம் ஒரு நீலக் கறைதான் இருந்தது.

அந்த வியாழக்கிழமை
லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ரத்ததானம்.
காபி வாசனைக்கு நடுவே சாய்வு நாற்காலி.
மார்லிஸ் ஊசியின் உறையைப் பிரித்தாள்.
பதினாறு, கொஞ்சம் பெரிசுதான் என்றாள்.
எந்த உலோகத்தில் என்று கேட்டுவிட்டேன்.
என் இமையைத் தூக்கிப் பார்த்தாள்.
மயக்கமா? இன்னும் குத்தவே இல்லையே.
பிறகு, ஸ்டெயின்லெஸ் என்றாள் சமாதானமாக.
வீட்டுக்கு வந்து தேடினேன்:
ஒன்று புள்ளி ஆறு ஐந்து.
ஊசிக்காரர்களுக்கு வேறொரு பட்டியல்.
கைமடிப்பில் நீலம் கட்டியிருந்தது,
சீட்டில் பார்த்த அதே நிறம்.

இரண்டு தகடுகளை
ரெய்னோ தன் பனிமீன் குடிசைக்குக் கொண்டுபோனான்.
மிச்சம் பதினெட்டும் சுவரில் சாய்ந்திருக்கின்றன.
ஹீட்டர் விசிறி ஓடத் தொடங்கும்போதெல்லாம்
ஒரு நடுக்கம் வரிசையாகப் போகிறது.

இப்போது சீட்டில்
உலோகத்தை முதலில் எழுதுகிறேன்,
அடுத்து மில்லிமீட்டர்,
பென்சிலில், அழுத்தி.
தொலைபேசியில் நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறேன்.
எஃகு. ஒன்று புள்ளி ஐந்து இரண்டு.
அவன் காகிதம் புரட்டுகிற சத்தம்.
அது எத்தனை கேஜ் என்கிறான்.