அணைத்த டையோடு

வில்லிங்கன். பிப்ரவரித் திங்கட்கிழமை.
கார்னிவல் என்று ஊரே தெருவில்.
லேபில் நான், ஒரு ஹீட்டர்,
தகரப் பெட்டிக்குள் ஆஸிலேட்டர்.

நூற்றொன்று புள்ளி ஒன்று ஐந்து மெகாஹெர்ட்ஸ்:
நாலாம் சேனல் வேண்டுமென்றால் அதுவரை ஏறியாக வேண்டும்.
இருபத்தெட்டு வோல்ட் முழுசாய்க் கொடுத்தும்
தொண்ணூற்றொன்பதில் படுத்துக்கொண்டு
எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

போன வாரம்வரை பட்டைக்கு ஒரு சுருள்.
கெட்டரர்தான் ஒன்றைப் பிடுங்கினார்.
"ஒன்றே போதும். மேல் பட்டைக்குப் போகும்போது
பாதிச் சுருளை ஒரு டையோடு விழுங்கிவிடும்.
பெட்டிக்கு ஏழு பெனிக் மிச்சம்.
வருஷத்துக்கு எத்தனை லட்சம் பெட்டி,
கணக்குப் போடுங்கள்."
போட்டேன். வாயை மூடிக்கொண்டேன்.

பிளாஸ்டிக் குச்சியால் சுற்றுகளைக் கொஞ்சம் விலக்கினேன்.
நூறு வந்தது.
கீழே இரண்டாம் சேனல் கைவிட்டுப் போனது.
குட்டைப் போர்வை.

அப்போது மாடிப்படியில் மணிச்சத்தம்.
மர முகமூடி, கால்சட்டையில் தீட்டிய சிங்கம், கரடி,
தோளில் குறுக்கும் நெடுக்குமாய்த் தோல்வார்,
வார் முழுக்கக் கனத்த மணிகள்.
குரலை மாற்றி வம்பளப்பது இங்கே வழக்கம்;
யாரென்று தெரியக் கூடாது.
"ஃப்ராவ் வேதமுத்து," கீச்சென்றது முகமூடி,
"இன்றைக்குமா தவம்?"
பிறகு, அடக்க முடியாமல்:
"ஏறியதா?"

நான் பதில் சொல்லவில்லை.
அவர் அசையாமல்தான் நின்றார்.
ஆனாலும் மூச்சுக்கு ஒரு மணி
கிணுங்கிக்கொண்டே இருந்தது.

டையோடு!
மின்சாரத்தை நிறுத்தினேன், கட்டிப்போடவில்லை.
சும்மா விட்ட டையோடு
அலை வந்து உலுக்கும்போதெல்லாம் அரைக்கண் திறக்கிறது,
சுருளை விடாமல் பிடித்துக்கொள்கிறது.
அணைப்பது என்றால் நிறுத்துவது,
அணைப்பது என்றால் கட்டிக்கொள்வது.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவன்
இதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

நாற்பத்தேழு கிலோ ஓம் ஒன்றைப் பற்றவைத்து
மைனஸ் பன்னிரண்டுக்கு இழுத்துக் கட்டினேன்.
ஈயப் புகை அடங்குவதற்குள் எண்கள் ஓடின:
நூறு,
நூற்றொன்று,
புள்ளி நாலில் போய் நின்றது.
கீழே இரண்டாம் சேனலும் பத்திரம்.

"அந்த ரெசிஸ்டர் என்ன விலை?"
கீச்சுக்குரல் மறந்துபோயிருந்தது.
"ஒரு பெனிக்."
"அப்போ ஆறு," என்றார் கெட்டரர்,
முகமூடியைக் கழற்றாமலே.

அவர் இறங்கினார்.
படிக்குப் படி
கவுண்ட்டரின் கடைசி இலக்கம் துள்ளியது.
சுருள் எங்கோ ஆடுகிறது.
நாளைக்கு மெழுகு ஊற்றிப் பார்க்க வேண்டும்.