நான்கு மில்லிகிராம்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே
புற்றை வெட்டியவன் நான்.
கையைக் கடித்தது
கேரளத்துக் கறையானா, நம்மூர்க் கறையானா,
கேட்கவில்லை.

அதன் குடலில் இருந்த பூஞ்சையைப்
பொள்ளாச்சிப் பால் பாக்கெட் துண்டில் தடவி
ஜாடிக்குள் இருட்டில் வைத்தோம்.

தொண்ணூற்றேழாம் நாள்
நான்கு மில்லிகிராம் குறைந்திருந்தது.
செல்வமேரி மேடம் மூன்று தடவை நிறுத்தார்,
தராசைத் துடைத்துவிட்டு
இன்னொரு தடவை.

வாளையாறு செக்போஸ்ட்டில் அன்றைக்கும் ஒரு லாரி.
தார்ப்பாய் இடுக்கில் குளுக்கோஸ் குழாய்கள் தொங்க,
இந்தப் பக்கமும் விடவில்லை
அந்தப் பக்கமும் விடவில்லை.
டிரைவர் குஞ்ஞாமு
மூன்றாவது டீயில் இருந்தார்.

ஒரு லாரிக்கு எத்தனை ஜாடி?
கணக்குப் போட்டேன்,
பாதியில் விட்டேன்.

மூடப் போகும்போதுதான் பார்த்தேன்:
பாக்கெட்டில் 'பால்' என்றிருந்ததில்
துணைக்காலை மட்டும் தின்றிருக்கிறது.
மிச்சம்
பல்.