ஒன்பது துளை, ஏழு ஊசி

கெய்த்தானின் படகை மாயேபூர்க் கரையில்
இரண்டு மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்தோம்.
திரை ரோஸ்ஹில்லில் வாங்கியது, இரண்டாம் கை.
அடியில் பொருத்தும் ஒலிக்கட்டை வேறு கம்பெனி,
யாரோ ஒரு வக்கீலின் கராஜில் கிடந்தது.
திரையின் முதுகில் ஒன்பது துளை,
கேபிளின் முகத்தில் ஏழு ஊசி.
சம்பந்தம் பேச வந்து
சீர் விஷயத்தில் முறைத்துக்கொண்ட இரண்டு வீட்டார் போல
ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி கிடந்தன.

கேபிளை வெட்டக் கூடாது என்று
அட்டையில் ஐந்து மொழிகளில் எச்சரிக்கை.
தமிழில் இல்லை.
வெட்டினேன்.

உள்ளே நீலம், கறுப்பு, வெள்ளை.
மூன்றையும் சுற்றி, தலைமுடி கனத்தில் செப்புப் பின்னல்.
பின்னலை அந்தரத்தில் விட்டுவிட்டால்
எஞ்சினின் இரைச்சல் முழுக்கத் திரையில் மழையாய்ப் பெய்யும்.
ரியாம்பெலில் ஒரு டாக்டரின் படகைக் கெடுத்து
நான் கற்ற பாடம் அது.

ஈயம் உருகும் புகையோடு
சாலையோரம் காத்தோ பிமா பொரியும் வாசனை.
நம் பருப்பு வடைதான், பெயர் மாறி நாளாயிற்று.
என் பெயரும்தான்: வேலாயுதன் என்று சொன்னவரை
வலைதோன் என்று எழுதிக்கொண்டது ஒரு காது.
வேல் போய் வலை வந்தது.
மீன்காரர்களிடம் கூலி வாங்குகிறவளுக்கு
அதில் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை.

மின்சாரம் கொடுத்து
கட்டையைக் காதோரம் பிடித்தேன்.
டிக், டிக், டிக்.
பல்லிக்கு இருப்பது போல இதற்கும்
திசைக்கொரு பலன் உண்டா தெரியவில்லை.
அதற்குள் திரையில் முப்பது மீட்டர் ஆழம்,
பிறை பிறையாய் மீன் கூட்டம்.
"அயோ!" என்று கெய்த்தான் கைதட்டினார்,
மணலில் நின்றுகொண்டு.
கடையில் வாடிக்கையாளருக்குக் காட்டும் பொம்மைப் படம் அது.
அணைக்க எனக்கு மனமில்லை. அணைத்தேன்.

மறுநாள் காலை உள்கடலில் இரண்டு புள்ளி எட்டு.
துடுப்பை இறக்கிப் பார்த்தார், சரியாக இருந்தது.
பவளத்திட்டின் வாயைத் தாண்டியதும்
தரை சட்டென்று கீழே விழுந்தது:
பதினொன்று, இருபத்தாறு, நாற்பத்தொன்று.
கூடவே, நாங்கள் கேட்காமலே,
பதினேழு சிறு கொடிகள்.

பழைய சொந்தக்காரர் குறித்துவைத்த இடங்கள்.
சிலதுக்கு மீன் பெயர்: கப்பித்தேன், வியெய் ரூஜ்.
சிலதுக்கு வெறும் எண்.
ஒன்றுக்கு ரோஸ்லின்.
எல்லாவற்றுக்கும் அப்பால், தென்கிழக்கே, ஒன்று மட்டும்
பா அலே.
போகாதே.

ஏன் என்று எழுத அதில் இடம் போதவில்லை போலும்.
பெரிய மீனை மறைக்கிற தந்திரமாக இருக்கும், என்றேன்.
பாறை அவன் வலையைத் தின்றிருக்கும், என்றார் அவர்.
எஞ்சினை அணைத்தார்.
படகு தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது.
சிங்க மலை முதலில் இடப்பக்கம், பிறகு பின்னால்.

"பதினாறையும் அழித்துவிடு," என்றார்,
"அது அவன் சோறு.
அந்த ஒன்றை வைத்துக்கொள்.
அது எல்லோருக்கும் எழுதியது."

ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை அழுத்த வேண்டும்.
நிச்சயமா என்று கேட்கும்.
ரோஸ்லினிடம் மட்டும் விரல் கொஞ்சம் நின்றது.

கூலி எண்ணூறு ரூபாய்.
பாதியை மீனாகத் தருகிறேன் என்றார்.
எந்த மீன், என்று கேட்டேன்.
திரையைப் பார்த்தார்.