ஒன்பதாம் பாடம் வரை

மிளகாய்த்தூள் அடைக்கும் ஆலையில்
சாப்பாட்டுக்கு இருபது நிமிடம்.
சிவந்த விரலால் பக்கம் புரட்டுகிறேன்,
புத்தகத்தின் ஓரமெல்லாம் காரம்.

கெஞேர் என்றால் ரொட்டி.
சும்மா கிடக்கும்வரைதான் கெஞேர்.
வாங்க, வெட்ட, கடிக்க
வாலில் ஒரு 'த்' வேண்டும்:
கெஞெரெத்.
வாலை மறந்தால்
ரொட்டி உன்னைத் தின்றுவிடும், மனானா
என்று சிரிப்பாள் எதிர்வீட்டு எடெல்கா.

அவனுக்கும் அவளுக்கும் ஒரே எழுத்து.
உதட்டைக் குவித்து
மெழுகுவர்த்தி அணைப்பதுபோல் சொல்ல வேண்டும்.
வருவது மேலாளரா, அவர் மனைவியா,
கதவு திறந்தால்தான் தெரியும்.

ஸெகெடில் இருப்பவர்கள்
ஸெகெடின் மேல் இருக்கிறார்கள்: ஸெகெடென்.
நான் புறப்பட்டு வந்த குடைசி
அயல்நாட்டு ஊர் என்பதால்
அதற்கு உள்ளே: குடைசிபன்.
இது மேசை, அது பெட்டி.
பெட்டியைப் பூட்டிவிட்டுத்தான் வந்தேன்.

அந்த 'பன்' வேறு சொற்களுக்குப் பின்
'பென்' ஆகிவிடும்.
முன்னால் போகும் உயிரெழுத்தைப் பார்த்து
முகத்தை மாற்றிக்கொள்ளும்
ஒட்டிப் பிழைக்கிற ஒட்டு.

ஒன்பதாம் பாடம் பிடித்திருந்தது.
நான் இன்னார், நீ இன்னார் என்பதற்கு
வினைச்சொல் தேவை.
மூன்றாம் ஆளுக்கு ஒன்றும் வேண்டாம்.
பேரையும் தொழிலையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.
மாடிப்படியில் எடெல்கா
எனக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:
"வெண்டெல் பேக்."
வெண்டெல் ரொட்டிக்காரன்.
அவள் பின்னால் அவன்,
மாவு படிந்த புருவத்தோடு
சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு
மூன்றாம் மாடிக்கு.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை,
அதே படி.
"வெண்டெல் பேக் வோல்த்."

புதுச் சொல்.
வேலையை விட்டுவிட்டானா என்று
கேட்க வாயெடுத்தேன்.
சைக்கிள் கீழே முற்றத்தில் நின்றது.
அதை அவன் ஒருநாளும் கீழே விட்டதில்லை.

அன்றிரவு தேடிப் பார்த்தேன்.
வோல்த், பதினாலாம் பாடம். இருந்தான்.
இருந்தவரை எட்டிப் பார்க்காத வினைச்சொல்
போனபின் வந்து உட்கார்ந்திருக்கிறது,
தூரத்துச் சொந்தம் மாதிரி.

மறுநாள் முற்றத்தைச் சுற்றிய வராந்தாவில்
அண்டைவீட்டார் வரிசையாய் நின்று
அவள் கையைப் பிடித்து
ஆளுக்கொரு முறை அதே சொல்லைச் சொன்னார்கள்.
ரேஸ்வேதெம்.
நான் படித்த பக்கங்களில் இல்லாதது.
அதன் கடைசி 'எம்' மட்டும் தெரியும்:
என்னுடையது.
தபால்காரர் சொன்னார், என்னுடையது.
கீழ்வீட்டுப் பையன் சொன்னான்,
என்னுடையது.
எதைச் சொல்கிறார்கள்?

என் முறை வந்தது.
முன்பாதி தொண்டையில் கரைந்துபோக
"எம்" என்றேன்.
ஒரு சொல்லைக்கூட
விட்டுவைக்காமல் திருத்துகிறவள்
அன்று திருத்தவில்லை.